ஆகஸ்ட் பக்கத்தில் ஊதாக் கறை

31 அக்டோபர் 1940, வியாழன்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலை தெரியவில்லை. பெங்களூரிலிருந்து வந்த ரோஜாக் கன்றுகளில் ஏழு அழுகல். சாக்கு, சணல் வாங்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் விற்பனை வரி ஆபீசிலிருந்து கடிதம். திங்கட்கிழமை கணக்கோடு வரவும். பில்லில் எப்போதும் ‘தோட்டம் போட்ட வகையில்’ என்று செடி, மண், கூலி எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதிவிடுவேன். பெரிய மனிதர்களுக்கு அதுதான் பிடிக்கும். இப்போது அதுவே கழுத்தைப் பிடிக்கிறது. வாங்கி விற்ற செடிக்குத்தான் வரி, கூலிக்கு இல்லை. ஆனால் கூலியைக் கழிக்க, ஆட்கள் வருகை எழுதும் ஆஜர் நோட்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மொத்தத்துக்கும் வரி.

ஆஜர் நோட்டில் ஆகஸ்ட் பக்கத்தைத் திறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மில் பங்களாத் தோட்டத்துக்கு இன்னும் பில் அனுப்பாததும் அதனால்தான். மில் கணக்குப்பிள்ளை சந்தையில் மறித்தார். “என்ன ஓய், துட்டு வேண்டாமா? முதலாளி ரெண்டு தடவ கேட்டுட்டாரு.” நாளைக்கு என்றேன். எத்தனை நாளைக்கு.

1 நவம்பர், வெள்ளி

பூசை பார்த்துவிட்டு வந்து மில் பில் எழுத உட்கார்ந்தேன். குரோட்டன்ஸ் 120. புல் பதித்தது. செம்மண் 14 வண்டி. பிறகு ஆட்கள். பேர் பேராக வாசித்துக் கூட்டுவது என் வழக்கம். அருளப்பன் என்று வாசித்தவுடன், “வந்தாச்சி மச்சான்.” தினம் காலையில் பேர் வாசிக்கும்போது அவன் சொல்லும் அதே பதில். பட்டப்பகலில், பின்னால் கதவோரத்தில். திரும்பிப் பார்த்தேன். அவன் தலைப்பாகைத் துண்டு ஆணியில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

மறுபடி கூட்டினேன். மூன்று தடவையும் விடை வேறு வேறு.

காலையில் வந்த ஆளுக்கு ஒரு கோடு. சாயங்காலம் அதைக் குறுக்கே வெட்டினால் முழு நாள். ஆகஸ்ட் 20, அருளப்பன் கட்டத்தில் கோடும் இல்லை, வெட்டும் இல்லை. ஊதாக் கறை மட்டும். காப்பிங் பென்சில் கோட்டை எச்சில் விரலால் தேய்த்தால் அழியாது, ஊதாவாகப் பரவும். தினம் அதில் எழுதுகிற எனக்கு அன்று அது மறந்துவிட்டது. விரலில் ஏறிய ஊதா நான்கு நாள் போகவில்லை. இன்றும் சாப்பிடும் முன் விரலைப் பார்க்கிறேன்.

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

தங்கச்சி மோட்சத்தின் புருஷன் அவன். அன்று மற்ற ஆட்கள் செட்டியார்பட்டி வேலையில். மோட்சம் மாமியாருக்குப் பண்டுவம் பார்க்க வத்திராயிருப்பில். மில் தோட்டத்தில் நாங்கள் இருவர்தான். பம்பு வாயில் சேறு அடைத்தது, புதுப் புல் கருகுகிறது. கிணற்றில் இறங்கச் சொன்னேன். “நீச்சல் தெரியாதே மச்சான்” என்றான். “படியில இறங்குததுக்கு நீச்சல் எதுக்கு மாப்ள” என்றேன். நான் குரோட்டன்ஸ் எண்ணப் போனேன். அவன் தண்ணீரில் விழுந்து மூழ்கிய சத்தமே கேட்கவில்லை.

போலீஸ் கேட்டபோது, அவனுக்கு அன்று லீவு, வேலைக்கு வரவில்லை என்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. மில் வேலை கைவிட்டுப் போகும் என்ற பயம்.

தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிறவன் லீவு நாளில் கிணற்றுக்கு எதற்குப் போனான்? ஊரே பதில் சொல்லிக்கொண்டது. தானாகக் குதித்தான் என்று. தற்கொலை என்றால் உள்ளே இடமில்லை என்று பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இடம் காட்டினார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான். பாவி.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். மழை விட்டிருந்தது. எல்லாக் கல்லறையிலும் செவந்தி மாலை, மெழுகுவத்தி. சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து வந்தார். சுவரோடு நின்றுவிட்டார்.

மோட்சம் சுவருக்கு அந்தப் பக்கம், ஒற்றை மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணே, அவிய எம்மேல என்ன கோவத்துல போனாவ? நான் ஊருக்குப் போறன்னைக்கி சட்டையத் துவைக்காமப் போட்டுட்டுப் போனேன். அதுக்கா?”

இல்லட்டி என்றேன்.

3 நவம்பர், ஞாயிறு

மழை. கோயிலுக்குப் போகவில்லை. ஆகஸ்ட் பக்கத்தைக் கிழித்துவிடலாமா? பக்க எண் அச்சடித்த நோட்டு. கிழித்தால் அதுவே காட்டிக் கொடுக்கும்.

சணல் வாங்க மறந்தேன்.

4 நவம்பர், திங்கள்

முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆபீசில் மூன்று மணி நேரம் பெஞ்சு. குமாஸ்தா எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். ஆகஸ்டில் நிறுத்தினார்.

“இதென்ன கறை? ஆளு வந்தானா, வரலையா?”

“வந்தான்.”

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

“அப்ப கோட்டப் போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடும். ஒரு கோட்டுக்கு எதுக்குய்யா இப்படி வேக்குது?”

போட்டேன். கூலி முழுவதையும் கழித்துக்கொண்டார்கள். வரி செடிக்கு மட்டும். சந்தோஷப்பட வேண்டிய சமாசாரம்.

வீட்டுக்கு வந்ததும் மில் பில்லை ஒரே மூச்சில் எழுதினேன். கடைசி வரி: அருளப்பன், ஆகஸ்ட் 20, கிணற்றில் இறங்கிய வேலை, கால் நாள்.

5 நவம்பர், செவ்வாய்

விடாத மழை. மில் கணக்குப்பிள்ளை பில்லைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “இந்தக் கடைசி வரிய அடிச்சிட்டு வேற எழுதிட்டு வாரும். மொத்தத் துட்டும் இன்னைக்கே தாரேன். இல்லன்னா போலீசு வரும், உமக்கு இங்க வேலையும் கிடையாது.”

பில்லை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மோட்சத்தை வீட்டுக்கு வரச் சொல்லி எல்லாம் சொன்னேன். புல், பம்பு, லீவு, எல்லாம். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். நோட்டை வாங்கி அந்தக் கட்டத்தை விரலால் தடவினாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

“எம்புட்டு போட்டிருக்க?”

“கால் நாள்.”

“கிணத்துல இறங்குனா செத்த நேரமானாலும் முழு நாள் கூலின்னு எல்லாருக்கும் குடுக்கியே. அவியளுக்கு மட்டும் கால் நாளா? வெட்டுப் போடு.”

கோட்டைக் குறுக்கே வெட்டினேன். சிலுவை மாதிரி ஆயிற்று. பிறகு நோட்டை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு, சாமியார் பங்களாவுக்குப் போவோம், அவரிடமும் நீயே சொல்லு என்றாள்.

சட்டை மாற்றி வருகிறேன் என்று உள்ளே வந்தவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசலில் குடையில்லாமல் நிற்கிறாள். நோட்டு நனைந்தால் ஊதா பக்கம் முழுக்கப் பரவிவிடும்.

“வாரியா, நான் போவட்டா?” என்கிறாள்.

வந்தாச்சி.