மேசைக்கடியில் ஓர் இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறீர்களா, இல்லை மாத்திரையைப் பற்றிப் படிப்பதோடு சரியா?

உங்கள் துறைத்தலைவர் போன் செய்தார். உங்களைப் பாராட்டி ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். உங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதுகிறார்களாம். "வீட்டுல அவர் எப்படின்னு நீங்கதாம்மா எழுதணும்" என்றார். பழங்கால அளவைகளைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று தொகுதிகளில் நான் ஒன்றரையைத்தான் தாண்டியிருக்கிறேன். ஆனால் சொந்த அப்பாவைப் பற்றி எழுத என்ன கஷ்டம்? ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனது, தண்ணீரை டம்ளரால் அளக்கவிட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, காய்ச்சலில் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் இருக்கிறது. படித்துவிட்டு அனுப்புங்கள். அழுகை வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் வாலு

பிப்ரவரி 15

அன்பு வாலுவுக்கு,

மாத்திரை போடுகிறேன். அதைப் பற்றியும் படித்தேன்.

கட்டுரை நன்றாக இருக்கிறது. யாரைப் பற்றியது என்றுதான் புரியவில்லை. சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னைத் தோளில் தூக்கிப் போனது உன் மாமா. அவனிடமே கேட்டேன், ஒப்புக்கொண்டான். டம்ளர் கணக்கு உன் அம்மா. காய்ச்சலில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். அந்த வாரம் நான் ஒரு பழைய தராசைப் பார்க்க வெளியூர் போயிருந்தேன், ரயில் சீட்டு இன்னும் இருக்கிறது. ஆதாரம் இல்லாததை அச்சில் ஏற்ற முடியாதம்மா.

மற்றபடி எழுத்துப்பிழை இரண்டுதான்.

அப்பா

பிப்ரவரி 24

அப்பாவுக்கு,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்திருப்பீர்கள்.

உங்கள் சிவப்பு மையைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நேற்று எங்கள் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு வலது கண் பவரை இடதில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் வாசற்படியில் தடுமாறித் திரும்பி வந்தார். நானும் அப்படித்தான் நடக்கிறேன். தோளில் போகும்போது அந்தச் சட்டையில் மை வாசனை அடித்ததே. மளிகைக் கடை மாமாவிடம் மை வாசனை ஏது? அம்மாவைக் கேட்கலாம் என்றால் அவள் போய் ஆறு வருஷமாகிறது.

நீங்கள் அடித்ததையெல்லாம் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். மிச்சம் இருப்பது உங்கள் அறைக்கதவு, அதுவும் சாத்தின கதவு. உங்கள் வேலையைப் புகழ ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். எனக்கு என் அப்பா வேண்டும். நீங்களும் நானும் மட்டும் இருந்த ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். நிஜமாக நடந்ததைச் சொல்லுங்கள்.

வாலு

மார்ச் 9

அன்பு வாலுவுக்கு,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. தினமும் உட்கார்ந்தேன்.

மை வாசனை சரிதான். மாமா என் பழைய சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு திரிவான்.

நீ கேட்ட அந்த ஒன்று இதோ. மூன்றாம் தொகுதி எழுதும்போது நீ என் மேசைக்கடியில் வந்து படுப்பாய். என் பாதத்தில் தலை வைத்து அப்படியே தூங்கிவிடுவாய். கால் மரத்துப்போகும், ஆனாலும் நகர்த்த மாட்டேன். எழுந்து போய்ப் புத்தகம் எடுக்க முடியாததால் கைக்கு எட்டியதை வைத்தே எழுதினேன். ஏழாம் அத்தியாயத்தில் மேற்கோள் குறைவு என்று எல்லோரும் குறை சொன்னார்கள். காரணம் நீ.

இதைப் பார்த்தவர் யாரும் இல்லை. வேண்டுமானால் போட்டுக்கொள்.

அப்பா

மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டுரையை அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கும் மாமாவுக்கும் சேரவேண்டியதை அவர்களிடமே சேர்த்துவிட்டேன். மேசைக்கடியில் தூங்கியது கடைசியில் வருகிறது.

எனக்கு அது துளியும் நினைவில்லை. உங்கள் மேசை இப்போது என் வீட்டில்தானே இருக்கிறது, நேற்றுக் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் இழுப்பறை, நடுவில் குறுக்குச் சட்டம். உங்கள் கால் நுழைந்ததே பெரிய விஷயம். நான் எங்கே படுத்தேன்? சரி என்று மூன்றாம் தொகுதியைப் பிரித்து ஏழாம் அத்தியாயத்தைப் பார்த்தால், நிஜமாகவே மேற்கோள் குறைவு. மறுபடியும் குழம்பிப்போனேன்.

அப்போது வேறு மேசை இருந்திருக்கலாம். இல்லை, வாழ்நாளில் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாத மனிதர் எனக்காக ஒன்று எழுதியிருக்கலாம். நான் அழுதேன் அப்பா. இரண்டில் எதற்காக என்று எனக்கே தெரியவில்லை.

துறைத்தலைவர் அந்தப் பத்திக்கு ஆதாரம் கேட்டார். 'அப்பா சொன்னார்' என்று அடிக்குறிப்பு போடச் சொல்லிவிட்டேன்.

பதில் எழுதும்போது முழங்காலைப் பற்றி விவரமாக எழுதுங்கள். மேசையைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுத வேண்டாம்.

உங்கள் வாலு