ஆறாம் படுக்கையின் கால்மாடு

ஜூன் 3, செவ்வாய்

எடை இறங்கவில்லை. இந்த மெஷின் பொய் சொல்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏறி நிக்கிறவங்களைப் பார்த்துப் பயந்திருக்கும்" என்றார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. முதல் நாளும் அதுவுமாக வேண்டாம் என்று முழுங்கிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் எனக்கில்லை, அவளுக்கு. நீண்ட விடுப்பில் போன பயிற்சி டாக்டர்கள் வேலைக்குத் திரும்பும்போது கூடவே இருந்து பழக்கிவிடும் பொறுப்பு என்னுடையது. பிள்ளை பெறப் போனவர்கள் வருவார்கள், உடம்புக்கு முடியாமல் போனவர்கள் வருவார்கள், மனசுக்கு முடியாமல் போய், காரணம் சொல்லாமல் வருகிறவர்களும் உண்டு. "நீங்க பேசுற பேச்சுல அவங்க பயம் ஓடிப் போயிடும்" என்று சொல்லி எங்கள் துறைத் தலைவர் இதை என் தலையில் கட்டினார். அவரை நாங்கள் பெரியவர் என்போம். என்னை எல்லோரும் ரேடியோ என்பார்கள், முதுகுக்குப் பின்னால். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இந்தப் பெண் திரும்புவது ஒரு வருடத்துக்கு மேல் கழித்து. நுரையீரலில் தொற்று. எங்கள் ஐசியூவிலேயே, ஆறாம் படுக்கையில், வாயில் குழாயோடு வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தாள். இப்போது அதே ஐசியூவில் டாக்டர்.

அவள் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. கம்ப்யூட்டரில் அவள் இல்லை. சுவரில் ஒட்டிய புகைப்படங்களில் அவள் இருந்த இடத்தில் வேறு ஒரு பையன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். இதெல்லாம் வழக்கம்தான், திரும்பி வருகிற எல்லோருக்கும் நடப்பது. ஆனால் கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் விடும் குழாய் இருக்கிறதே, எனக்கு விட்டது, ஐசியூ சிஸ்டருக்கு விட்டது. அவள் நீட்டினால் விடவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் வந்துட்டேன்தானே மேடம்?" என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பொம்மை அறை. மூச்சு விடும், நாடி துடிக்கும், காசு கொட்டி வாங்கிய ரப்பர் மனிதர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் அவருக்குக் குரல் கொடுப்பது அடியேன். "ஐயோ, நெஞ்சை அடைக்குதே, என் வீட்டுக்காரி இன்னும் வரலையே" என்று ஒரு பாட்டம் நடித்தேன். நாடகத்துக்குப் போகவேண்டியவள், டாக்டராகிக் கெட்டேன்.

அவள் கை எதையும் மறக்கவில்லை. பொம்மையின் தொண்டைக்குள் குழாயை அவ்வளவு சுத்தமாக இறக்கினாள். மயக்க டாக்டர் எப்போதும் தலைமாட்டில்தான் நிற்பார், அவளும் அங்கேதான் நின்றாள். எல்லாம் சரி.

ஒன்று மட்டும். தொடங்குமுன் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பொம்மையின் கால்மாட்டில் குறுக்கே நிறுத்தினாள். சுவரோரம் கிடந்த நாற்காலியையும் இழுத்து அதன் பக்கத்தில் போட்டாள். அங்கே ஆள் நிற்க இடமில்லாதபடி.

ஏன் என்று மைக்கில், பொம்மையின் குரலிலேயே கேட்டேன். பொம்மையைப் பார்த்துப் பதில் சொன்னாள். "ஒண்ணுமில்லைங்க. நீங்க பயப்படாதீங்க."

ஜூன் 6, வெள்ளி

இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, இரண்டு மணிக்கட்டிலும் பொத்தான். ஐசியூவில் முழங்கை வரை மடிக்க வேண்டும். சிஸ்டர் கேட்டதற்கு இடது கையில் ஊசி போட்டுப் புண்ணான தழும்பு என்றாளாம். சிஸ்டர் என்னிடம் சொன்னார். நான் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன். பழக்கதோஷம்.

ஜூன் 12, வியாழன்

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

நோயாளியின் குறிப்பட்டை படுக்கையின் கால்மாட்டில் தொங்கும். காலையில் சுற்றிப் பார்க்கும்போது எல்லோரும் கால்மாட்டில் நின்று, அதைப் புரட்டி, அங்கிருந்தே ஆளைப் பார்ப்பதுதான் முறை. மற்ற படுக்கைகளில் அவளும் அப்படித்தான் செய்கிறாள். ஆறாம் படுக்கையில் மட்டும் தலைமாட்டுக்குப் போய்விடுகிறாள். அட்டையை யாரையாவது வாசிக்கச் சொல்கிறாள். இன்று வாசித்தவர் பக்கம் மாறி நேற்றையதை வாசித்துவிட, காலையிலேயே கொடுத்த மருந்தை மறுபடி கொடுக்கச் சொன்னாள். ஊசி ஏறுவதற்குள் சிஸ்டர் பிடித்துவிட்டார்.

பெரியவர் கத்தவில்லை. அவர் கத்தினால் பரவாயில்லை. "ஜூலை மூணாம் தேதி ரவுண்ட்ஸ் இந்தப் பொண்ணு நடத்தட்டும். நான் பின்னால வந்து பார்க்கிறேன். ஆறு உட்பட. முடியலைன்னா ஐசியூ வேண்டாம், வேற துறை பார்த்துக்கட்டும்" என்றார் என்னிடம். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் அங்கே இல்லாத மாதிரியே பேசினார்.

ஜூன் 13, வெள்ளி

டீயும் கையுமாக மாடிப்படியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

என்னைப் பார்த்து! ரேடியோவைப் பார்த்து! சத்தியம் செய்தேன்.

மயக்கத்தில் கிடந்தபோது அவள் கால்மாட்டில் யாரோ நின்றார்களாம். பகலெல்லாம். கிட்டே வருவதில்லை, பேசுவதில்லை.

"ஆணா, பொண்ணா?"

"தெரியலை மேடம். முகம் கலங்கலா இருக்கும். வலது கைச் சட்டை மட்டும் முழங்கை வரைக்கும் மடிச்சிருக்கும். இடது கை பொத்தான் போட்டிருக்கும். யாருக்கோ காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி... நான் கண்ணு முழிச்ச அன்னைக்கு இல்லை."

ஐசியூவில் கிடப்பவர்களுக்கு எறும்பு தெரியும், மழை தெரியும், செத்துப்போன அத்தை தெரிவாள். மருந்தும் தூக்கமின்மையும் மூளையைப் பிடித்து ஆட்டும். உனக்குத் தெரியாததா என்றேன்.

"தெரியும். ஆனா நான் அங்க போய் நின்னு, பக்கத்துல அவங்களும் நின்னா?"

டீ ஆறிவிட்டது. என்னுடையதும்.

ஜூன் 14, சனி

நாத்தனார் போனில் ஒரு மணி நேரம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தொண்டையில் மீன்முள் சிக்கிய மாதிரி இருக்கிறது. "என்ன அண்ணி, சுரத்தே இல்லை, உடம்பு சரியில்லையா?" என்றாள். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆறாம் படுக்கைக்காரர் வார்டுக்குப் போய்விட்டார். படுக்கை காலி. எனக்கு ஒரு யோசனை. மதியம், ஐசியூவே அசந்து கிடக்கும் வேளையில், நானே ஏறிப் படுத்தேன். கட்டில் முனகியது. "மெதுவா மேடம், போன மாசம்தான் ரிப்பேர் பண்ணினோம்" என்றார் சிஸ்டர். ரொம்ப நல்ல மனசு.

அவளைத் தலைமாட்டில் நிற்கச் சொல்லி, நோயாளிக்கு உயர்த்துகிற அளவுக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். கண்ணைப் பாதி மூடினேன்.

சரியாக என் காலுக்கு நேரே ஒரு ஆள்.

எழுந்து ஓடியிருப்பேன். எழுவதற்கு எனக்கு நேரமாகும் என்பதால் இரண்டாம் முறை பார்க்க வேண்டியதாயிற்று. எதிரே மருந்து வைக்கும் அறையின் கண்ணாடிச் சுவர். உள்ளே விளக்கை அணைத்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குப் பின்னால் மேசையருகே நின்ற சிஸ்டர் அதில் தெரிகிறார்! படுத்துப் பார்த்தால் மட்டும், கால்மாட்டில் நிற்கிற மாதிரி. முகம் கலங்கலாக.

வயிறு குலுங்கச் சிரித்தேன். "உன் பேய்க்கு மாசச் சம்பளம் வருதும்மா!"

அவளும் குனிந்து என் தலையோடு தலை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. அப்புறம் மெதுவாக, "ஆனா சிஸ்டருக்கெல்லாம் அரைக்கைதானே மேடம்?" என்றாள்.

வேறு யாராவது நின்றிருப்பார்கள் என்றேன். அப்படித்தான் இருக்கும். வேறு எப்படி?

ஜூன் 20, வெள்ளி

கண்ணாடிக்கு வெள்ளைத் தாள் ஒட்டச் செய்துவிட்டேன். வெயில் கூசுகிறது என்று காரணம் சொன்னேன். வெயில் படாத சுவர். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஆறில் சனிக்கிழமையிலிருந்து ஒருவர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், பெரிய மீசை. நெஞ்சில் சளி கட்டி, வந்த அன்றே மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டாயிற்று. அவர் மனைவி தினம் வந்து காதருகே உட்கார்ந்து தெருச் செய்திகள் எல்லாம் சொல்கிறார். என் ஜாதி. எங்களுக்குள் நல்ல ஒட்டுதல்.

இவள் இன்னும் தலைமாட்டில்தான். தாள் ஒட்டிய பிறகும்.

"அதான் கண்ணாடின்னு தெரிஞ்சு போச்சே?"

"எனக்குத் தெரியுது மேடம். காலுக்குத் தெரியலை."

தினமும் கொஞ்சம் நகர்த்துகிறேன். நேற்று தோள் அருகே நின்றாள், இன்று இடுப்பு அருகே. அதற்கு மேல் வேர்த்துக் கொட்டியது. விட்டுவிட்டேன். குழந்தையை நீச்சலுக்குப் பழக்குவதுபோல் இருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஜூன் 30, திங்கள்

முழங்கால் வரை வந்தாள்.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. முடியாவிட்டால்? நல்ல கை அது. இந்தக் கை போய் எங்கேயோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதுமா? — என்னவோ, எனக்கு ஏன் இவ்வளவு படபடப்பு. என் மகளா அவள்?

கண்டக்டரின் விழிகள் மூடிய இமைக்குள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. யாரையோ பார்ப்பதுபோல. இதை எழுதக்கூடாது என்றிருந்தேன். எழுதிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அலங்காரம் ஒன்றும் இல்லை.

காலையிலேயே கண்டக்டருக்கு மயக்க மருந்தை நிறுத்திக் குழாயை எடுத்திருந்தார்கள். கண் மூடிக் கிடந்தார். கை கழுவும் இடத்தில் சிஸ்டர் அவளைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குப் பெரியவர் வர்றாரு. தழும்பு இருக்கிற கையை விடு. ஒரு கையையாவது மடி, தாயே. என் மானத்தை வாங்காதே." அவள் நினைப்பெல்லாம் ஆறாம் படுக்கையில். எந்திரம் மாதிரி மடித்துவிட்டுக் கையை நீட்டினாள். குழாய் தண்ணீர் விட்டது.

ஒன்றிலிருந்து ஐந்து வரை நன்றாக நடத்தினாள். பெரியவர் வாயே திறக்கவில்லை. ஆறு. தலைமாட்டில் தொடங்கி, கட்டிலின் விளிம்பை விரலால் தொட்டபடியே நடந்தாள். தோள். இடுப்பு. முழங்கால். நின்றாள். அப்புறம் ஒரே எட்டில் கால்மாட்டுக்குப் போய் அட்டையை எடுத்தாள்.

கண்டக்டர் கண்ணைத் திறந்தார். நேரே அவளைப் பார்த்தார். குழாய் போட்ட தொண்டை, தகரத்தை இழுப்பதுபோல் வந்தது குரல்.

"அட, இன்னும் இங்கதான் நிக்கிறீங்களா?"

விரலால் கட்டில் கம்பியைத் தட்டினார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது, ஏறுங்க ஏறுங்கன்னு? வண்டி இவ்வளவு நேரமா நிக்குது. ஒத்தக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு, ஏறாமலே நின்னா எப்படி?"

அப்போதுதான் பார்த்தேன். அவள் வலது கைச் சட்டை முழங்கை வரை மடித்திருந்தது. இடது மணிக்கட்டில் பொத்தான்.

அவளும் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நீ சொன்னாயா என்று கேட்கிற பார்வை. இல்லை என்று தலையசைத்தேன். இல்லவே இல்லை. என் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத ஒரே விஷயம் அது. இன்றைக்கு முன் அவள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம்கூட நின்றதும் இல்லை.

ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை — எப்படிச் சொல்வது — வெகுநேரம் காத்திருந்த ஆள் வந்துவிட்டபோது வருமே, அந்த முகம்.

"ஏறிட்டேங்க" என்றாள். "இப்போதான் ஏறினேன். நீங்க நிம்மதியா தூங்குங்க."

"ரைட்" என்றார் கண்டக்டர். கண்ணை மூடிக்கொண்டார்.

"மயக்கம் தெளியறப்போ இப்படித்தான் உளறுவாங்க. மேல சொல்லும்மா" என்றார் பெரியவர். அவள் சொன்னாள். மருந்து, அளவு, நேரம், எதுவும் பிசகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐசியூவில் தனியாக வேலை பார்க்கத் தகுதி உண்டு என்று. பெரியவரும் போட்டார்.

அவள் கைகுலுக்க வந்தாள். வெதுவெதுப்பான கை. அதையும் உறுதி செய்துகொண்டேன்.

நான் இப்போது ஆறாம் படுக்கைக்குத் தலைமாட்டு வழியாகச் சுற்றிப் போகிறேன். இடுப்பு வலி, அதுதான் காரணம்.

"இன்னைக்கு என்ன விசேஷம், உங்க ஆஸ்பத்திரியில?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.