பரீதாவுக்கு நான் சொன்ன நிறங்கள்

ஓகஸ்ட் 5, திங்கள்
கச்சான் காற்று. வாய்க்குள்ளும் புழுதி. ரீச்சரின் மேசை லாச்சிக்குள் தவளை விட்டதற்குத் தண்டனை: விடுமுறையில் ஒரு கிழமை, துறைமுகத்துக்குப் பக்கத்து மாதா கோயில் மண்டபத்தில், சின்னப் பிள்ளைகளின் சித்திர வகுப்புக்கு உதவி. தவளைக்கு ஒரு நிமிடம், எனக்கு ஆறு நாள்.

பலகையில் ரீ. (ரீச்சருக்கு இனி ஓரெழுத்துப் போதும், கை நோகிறது) எழுதியது: புலன்களால் வண்ணம். நான் திருத்தியது: புலம்பல்களால் வண்ணம். ரீ. சிரிக்கவில்லை.

முறை: கண்ணைக் கட்டு. தூள் போட்ட தகர ரின்னை மணக்கக் கொடு. நிறத்தை என் காதுக்குள் மட்டும் சொல்ல வேண்டும். பிறகு அதே தூளைக் குழைத்துப் படம் கீற வேண்டும். கடையில் சாயம் இல்லை. மஞ்சள், மிளகாய்த்தூள், கரி, கறிவேப்பிலை. தும்மல் பதினேழு.

பரீதா, ஒன்பது வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. கிண்ணியாவிலிருந்து கடல் கடக்கும் பாதைப் படகில் உம்மாவோடு வருகிறாள். "எனக்கும் கட்டுங்க அக்கா, எல்லாருக்கும் கட்டுறீங்கதானே." கட்டினேன். அவளுடைய முறை வருமுன் மணி அடித்துவிட்டது.

ஓகஸ்ட் 6, செவ்வாய்
வெக்கை. தலையிடி.

"அக்கா, சிவப்பு எப்பிடி இரிக்கும்? பச்சை? வெள்ளை?" பத்துத் தரம். அலுத்துப்போய் விளையாடினேன். ஈரத் துணியைக் கையில் வைத்து, சிவப்பு. மண்ணெண்ணெய்த் துணி, பச்சை. வள்ளத்தில் கிடந்த தார்க் கயிறு, வெள்ளை.

பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஆறு வயது அன்ரன் மட்டும், "அக்கா, அது கறு..." என்றான். அவன் வாயை நான் பொத்தினேன். பரீதா விரல் மடித்து மூன்று தரம் பாடமாக்கினாள். சிரிப்புக் கேட்கக் கேட்க அவள் முகமும் மலர்ந்தது.

ஓகஸ்ட் 7, புதன்
சோறு இல்லை, மரவள்ளிக்கிழங்கு. மூன்றாம் நாளாக.

பரீதாவின் உம்மா வாசலில் பிடித்துக்கொண்டார். "பிள்ள, சனிக்கிழம ரெண்டு பேர் வாறாங்க. பார்வையில்லாத புள்ளைகள்ர பள்ளிக்கூடத்திலயிருந்து. இங்க படிச்சத இவ சொல்லிக் காட்டணுமாம். கெட்டிக்காரி எண்டா எடுப்பாங்களாம்."

மண்ணெண்ணெய் பச்சை. தார் வெள்ளை. சனிக்கு இன்னும் மூன்று நாள்.

ஓகஸ்ட் 8, வியாழன்
"பரீதா, சாமான் மாறிப்போச்சு. அண்டைக்குச் சொன்னது பிழை."

"மூண்டுமா மாறிச்சு?"

ரின் மூடியைத் திறந்து மூடினேன்.

"அப்ப அவங்க சிரிச்சது அதுக்கா? நான் கெதியாப் பாடமாக்கினதுக்கு எண்டு நினைச்சன்."

அழவில்லை. உம்மா வரும்வரை யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஓகஸ்ட் 9, வெள்ளி
பரீதா வரவில்லை. ரீ.யிடம் எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "எனக்குச் சொல்லி என்ன? அந்தப் பிள்ளையின்ர தாயிட்டப் போய்ச் சொல்லு."

பாதைப் படகு. வெயில் மண்டையில். மடியில் ரின்கள்.

உம்மா தேத்தண்ணி தந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"இவ கொடியில ஈரமாக் கிடந்த என்ட சாரியத் தொட்டு, உம்மா இது சிவப்பு எண்டா. அது மஞ்சள். பிழை எண்டு சொல்ல மனம் வராம நானும் ஓம் எண்டுட்டன் பிள்ள."

உள் அறையிலிருந்து பரீதாவின் குரல்: "அதுவும் பொய்யா?"

இருவரும் தரையைப் பார்த்தோம். கதவு திறக்கவில்லை. ரின்களைக் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 10, சனி
வந்தாள்! ரின் பையோடு.

மண்டபத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாக்கள் இரண்டு பேர், கொப்பியோடு. பரீதா முதல் ரின்னை மணந்தாள். நிறம் சொல்லவில்லை. "அன்ரன் தம்பி இரிக்கானா?"

அன்ரன் ஓடி வந்தான்.

"இது என்ன நிறம் தம்பி?"

"மஞ்சள்."

"மஞ்சள்," என்றாள் அம்மாக்களிடம். அடுத்த ரின். அவனைக் கேட்டாள். அடுத்தது. ஒவ்வொன்றுக்கும்.

"ஏன் மகள், உமக்குத் தெரியாதா?"

"மணம் தெரியும். நிறம் ஆரும் சொல்லித்தானே எனக்குத் தெரியணும். இவன் பொய் சொல்லமாட்டான்."

மூத்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கொப்பியில் ஏதோ நீளமாக எழுதினார். பரீதாவைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜனவரியில் போகிறாள். உம்மா அழுகை, ரீ. அழுகை. எனக்கு நித்திரை மட்டும் வந்தது, ஆறு நாள் நித்திரை.

போகும்போது பரீதா என் சட்டையின் கையைப் பிடித்தாள். "இது என்ன நிறம் அக்கா?"

"நீலம்."

கையை விடாமல் அன்ரன் நின்ற பக்கம் திரும்பினாள்.

"உண்மையா தம்பி?"