அடுப்புக்கு வைத்த பொட்டு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே கடும் வெயில். சன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. கிள்ளான் நகரிலுள்ள அலுவலகத்துக்குப் போகவில்லை. ஒரு விற்பனை ஒப்பந்தம் மட்டுமே பாக்கி, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வாங்கியவை: ஏ4 தாள், பசை, ஒரே மாதிரியான கண்ணாடி டப்பாக்கள், ரப்பர் ஒட்டிகள் சில அட்டை. அலமாரிக் கதவு இடிக்காமலிருக்க ஒட்டுவார்களே, அவை. உருண்டை, பயறு அளவு. கடைக்காரர் கேட்டார்: “பம்ப் ஸ்டிக்கரா அங்கிள்? கபினெட்டுக்கா?” மனைவிக்கு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தவறாகப் பொருள்கொள்ள இடமுண்டு.

தேவகிக்கு (இனி ‘தே.’) இடக்கண்ணில் இப்போது எதுவும் இல்லை. வலக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும். கண் அழுத்த நோய் விட்டுவைத்த மிச்சம். அந்த மிச்சமும் எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு டாக்டர் நேரடியாகப் பதில் தரவில்லை. நானும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

மதியம் முழுவதும் ஒட்டினேன். அடுப்புத் திருகு, சலவை இயந்திரம், விசிறிச் சுவிட்சு, உப்பு, சர்க்கரை, மிளகாய்த்தூள், மருந்துப் புட்டிகள், குளியலறைக் கதவு, கட்டில் முனை, மேசை முனை. பழைய டின்களை அப்புறப்படுத்தி எல்லாவற்றையும் புது டப்பாக்களுக்கு மாற்றினேன். எதுவும் விடுபடக் கூடாது என்பதே நோக்கம்.

தே. அடுப்பைத் தடவிப் பார்த்தாள். “அடுப்புக்குமா பொட்டு வெச்சீங்க? கல்யாணம் எப்போ?”

சாப்பிடும்போது, ரசம் கேட்கிற அதே குரலில்: “வியாழக்கிழமை கிளாஸுக்கு நான் தனியாப் போறேன்.”

அப்பளம் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன். பதில் அல்ல. தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். மாலையில் இடி மட்டும், மழை இல்லை.

பயம் வந்தால் அகராதியைத் திறப்பது என் வழக்கம். பொருள்விளக்கப் பிரிவு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவன். கடைக்காரர் சொன்ன சொல்லையே பார்த்தேன்: பம்ப் (bump; தண்ணீர் இறைப்பது அல்ல).

பிறப்பு உறுதியில்லை. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம். ஓசையை ஒட்டி எழுந்த சொல்லாகவும் இருக்கலாம். முதலில் மோதல், பிறகு மோதியதால் எழுந்த வீக்கம் என்று ஒரு கருத்து. அதன்பின் எந்தப் புடைப்பும். சாலையில் வேகத்தைக் குறைக்கும் மேடு. கர்ப்பிணியின் வயிறு. எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. விமானத்தில் இடமில்லை என்று இறக்கிவிடுவது. கொக்கினத்துச் சதுப்புப் பறவை ஒன்றின் குரலுக்கும் இதே சொல்லாம். இரண்டு முறை படித்து உறுதிசெய்துகொண்டேன். தமிழில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொன்று: சாலையில் மேடு, தலையில் புடைப்பு, மரத்தில் முண்டு. ஆங்கிலேயர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சிக்கனம் செய்திருக்கிறார்கள்.

தே. சோபாவிலிருந்து: “என்ன, என் கண்ணு அந்தப் புக்குல இருக்கா?”

“இல்லை.”

“அப்போ மூடி வைங்க. கிளாஸுக்கு நேரமாச்சு.”

பார்வையற்றோர் பயிற்சி வகுப்பு எங்கள் தெருவின் மறுகோடியில். கையைப் பிடித்து அழைத்துப் போனேன். நடைபாதையில் மஞ்சள் கற்கள். இத்தனை ஆண்டு இவற்றின் மேல் நடந்திருக்கிறேன். அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சியாளர் கமலா டீச்சர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், தன் கோலால் கல்லைத் தட்டி விளக்கினார்: “நீளக் கோடு இருந்தா நடக்கலாம். உருண்டையா புடைச்சிருந்தா நில்லு, முன்னால என்னமோ இருக்கு. அவ்ளோதான் சார்.”

வியாழக்கிழமை பற்றி அவரிடம் என் ஆட்சேபங்களை வரிசையாக எடுத்துரைத்தேன். மோனோரயில் தூணடிச் சாலை. லோரிகள். கல்லின் மேல் நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிள்கள். பொறுமையாகக் கேட்டார்.

“சார், நீங்க கையைப் பிடிச்சிட்டே வந்தா அந்தக் கல்லு எதுக்கு?”

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “உங்க மிசஸ் பொட்டு வைக்கிறதைப் பாத்திருக்கீங்களா? மூக்கு மேல கட்டைவிரல், அங்கிருந்து அளந்து நெத்திக்கு. சென்டர் தப்பவே தப்பாது. போன மாசமே கத்துக்கிட்டாங்க.”

தினமும் காலையில் தே. பொட்டை ஒட்டிக்கொண்டு என்னிடம் முகத்தைத் திருப்பி “நேரா இருக்கா?” என்று கேட்கிறாள். இன்று காலையும் கேட்டாள்.

ஜூலை 9, புதன்

மேகமூட்டம். ஒப்பந்தம் அனுப்பியாயிற்று.

தே. போட்ட தேநீரில் உப்பு. ஒரு வாய் குடித்தேன், அடுத்த வாயும் குடித்தேன். தே. தன் கோப்பையில் ஒரு வாய் குடித்ததும் கீழே வைத்தாள். எழுந்து போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

“என் பிஸ்கட் டின் எங்கே?”

“எது?”

“மூடி நசுங்கி இருக்குமே, அது. அதுதான் சர்க்கரை. உயரமா இருக்கிறது உப்பு. மிளகாய்த்தூள் மூடி திறக்கவே மாட்டேங்கும், அதாலயே தெரியும். இப்போ எல்லாம் ஒண்ணாட்டம் இருக்கு, எல்லாத்து மேலயும் ஒரு பொட்டு!”

இதை நான் சீர்படுத்துதல் என்று கருதியிருந்தேன்.

“டீச்சர் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சுதானே. உருண்டைன்னா நில்லு. வீடு பூரா நில்லு நில்லுன்னு ஒட்டி வெச்சிருக்கீங்க. நான் எங்கதான் நடக்கிறது?”

உன் பாதுகாப்புக்காக என்றேன். நீதிமன்றக் குரலில் சொல்லிவிட்டேன் போலும். “ஆமாம், லாயர் சார்,” என்று உள்ளே போய்விட்டாள். அவள் அப்படி அழைத்தால் கோபம் என்று பொருள். இதற்கு அகராதி தேவையில்லை.

பிஸ்கட் டின் கீழ்த்தளத்தில் பழைய பொருள்கள் போடும் கூண்டில் கிடந்தது. எடுத்துவந்து கழுவிவைத்தேன். மூடியில் பள்ளம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். காற்றே இல்லை.

“நேரா இருக்கா?”

“இருக்கு.”

வாசலில் கோலைப் பிரித்தாள். “பின்னால வராதீங்க. உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.”

புதுச் செருப்பு வாங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை நேர்மை கருதி இங்கே பதிவு செய்கிறேன்.

போய்விட்டாள். சன்னலிலிருந்து பார்த்தால் கனகாம்பர நிறப் பிளவுஸ் மருந்துக்கடை வரை தெரிகிறது. அதற்கப்பால் பூக்கடைகளின் குடைகள் மறைக்கின்றன. தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒலிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

அவள் வரும்போது தேநீர் தயாராக இருக்கட்டும் என்று சமையலறைக்குப் போனேன். கண்களை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். இங்கே ஒரு புடைப்பு, அங்கே ஒரு புடைப்பு, விரலுக்கு எல்லாம் ஒன்று. எதைத் தொட்டாலும் ஏதோ எச்சரிக்கிறது. எதை என்று தெரியவில்லை. அடுப்பு அணைந்ததா எரிகிறதா என்று புரியாமல் பயந்து கண்ணைத் திறந்துவிட்டேன். எனக்கு அது சாத்தியம்.

நகத்தால் பெயர்க்கத் தொடங்கினேன். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன்.

கதவு திறந்தது. தே. வியர்வையில் நனைந்து, சிரித்த முகம். வலப் புருவத்துக்கு மேல் நெல்லிக்காய் அளவு வீக்கம்.

“ஒண்ணும் இல்லைங்க. கல்லு மேலயே மோட்டாரை நிறுத்தியிருக்கான். அதோட சைடு கண்ணாடி இடிச்சிருச்சு. ‘சாரி ஆன்டி, ரெண்டு நிமிஷம்தான்லா’ன்னான்.”

“நீ என்ன சொன்னாய்?”

“அந்த ரெண்டு நிமிஷத்துக்கு உன் கண்ணைக் கழட்டிக் குடு தம்பி, போயிட்டு வந்து தரேன்னேன். பயந்துட்டான். அப்புறம் அவனே ரோட்டைத் தாண்டி விடுறேன்னான். வேணாம்னுட்டேன்.”

மாநகர மன்றத்துக்குப் புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பொருள்: நடைபாதை வழிகாட்டிக் கற்களின் மேல் வாகனங்கள்.

“கடிதம் அப்புறம் எழுதலாம். ஐஸ் கொண்டாங்க.”

துணியில் ஐஸ் சுற்றி ஒத்தினேன். முதலில் மோதல், பிறகு வீக்கம். அகராதி அதுவரை சரி. வீங்கிய இடத்தைத் தொட்டபோது அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “நகத்துல என்ன, பசையா?”

ஒப்புக்கொண்டேன்.

எஞ்சியவற்றைச் சேர்ந்து பெயர்த்தோம். அடுப்பு அணைகிற இடத்தில் ஒன்று, சலவை இயந்திரம் தொடங்குகிற இடத்தில் ஒன்று. அவை போதுமாம். சர்க்கரை மறுபடி பிஸ்கட் டின்னில்.

ஜூலை 11, வெள்ளி

மழை, கடைசியில்.

வீக்கம் நீலமாகிவிட்டது. அடுத்த வகுப்பு திங்கள். இனி தனியாகப் போக வேண்டாம் என்று சொல்வதற்குரிய காரணங்களை மனத்தில் வரிசைப்படுத்திவைத்திருந்தேன். ஒவ்வொன்றும் வலுவானது. தே. பால்கனியில் ஈரத் துணி எடுத்துக்கொண்டே ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தாள். கண் மோசமான நாளிலிருந்து அவள் பாடி நான் கேட்கவில்லை.

காரணங்களை எடுத்துவைக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

இரவு மழையில் தெரு கழுவிவிட்டதுபோல். புகார்க் கடிதம் அனுப்பினேன்.

தே. தாமதமாக எழுந்தாள். அவசரம். கோல், பை, தண்ணீர்ப் புட்டி. “போயிட்டு வரேங்க,” என்றாள், போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. பொட்டைப் பார்க்கச் சொல்லவில்லை. கண்ணாடி ஓரத்தில் அவள் ஒட்டிவைத்திருந்த பொட்டுகளில் ஒன்று குறைந்திருந்தது, வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

நல்லதுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். காப்பிக் கோப்பையைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியது.

நடையில் கோலின் தட்டல். லிஃப்ட் வரை போனது திரும்பி வருகிறது. சாவி திரும்பியது. எதையாவது மறந்துவிட்டாளா என்று எழுந்தேன்.

வாசலில் நின்றபடியே முகத்தை என் பக்கம் உயர்த்தினாள். வீக்கம் வடிந்திருந்தது. பொட்டு அணுவளவும் பிசகாமல் நடுவில்.

“நேரா இருக்கா?”