மூன்றாம் லைன் பாட்டு

பிப். 4, செவ்வாய்

காலையில் நல்ல பனி. கம்பெனி பஸ் தாமதம். முதல் ஷிப்ட்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று. கேழ்வரகு அரைக்கக் கொடுக்க மறந்துவிட்டேன், நாளைக்கு.

சாயங்காலம் மகள் யாழினியிடம் கத்திவிட்டேன். சனிக்கிழமை பள்ளி ஆண்டு விழாவில் கீபோர்டு வாசிக்கப் போகிறாள், நான்காம் வகுப்பில் இவள் ஒருத்திதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதில் விழுந்தது. கம்பெனியில் அடிக்கிற எங்கள் லைன் பாட்டு! எங்கே பிடித்தாளோ.

"நிறுத்துடி அத!" நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். யாழினி கீபோர்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. நானும்தான்.

பிப். 5, புதன்

கேழ்வரகு கொடுத்தாயிற்று. மாவு மிஷின்காரர் நாளை வரச் சொன்னார்.

பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? கம்பெனியில் வண்டிக்கு ஒயர் கோக்கும் வேலை. வேலை செய்கிற ஒவ்வொரு வரிசையும் ஒரு லைன், லைனுக்கு ஒரு பாட்டு. பாட்டு என்றால் வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. ஏதாவது கோளாறு என்றால் வேலை செய்கிற பெண் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுப்பாள், ஸ்பீக்கரில் அந்த லைன் மெட்டு கிளம்பும். மூன்றாம் லைனுக்கு நான் லீடர். நான் ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கினால்தான் பாட்டு நிற்கும். தாமதமானால் லைனே நின்றுவிடும், மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வருவார். பாத்ரூமிலிருந்து பாதியில் ஓடி வந்திருக்கிறேன். அதைக் கேட்டாலே பயம், கால் தானாக ஓடும்.

இன்றும் நாள் முழுக்க அதுதான். மிஷின் மக்கர். கால் வலி.

பிப். 6, வியாழன்

விழாவில் வாசிக்க மாட்டேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம், "நீயே பேசிக்க. நடுவுல என்னை இழுக்காத." நல்ல மனுஷன்.

தோசை ஊற்றிக்கொண்டே யாழினியிடம் பேசினேன். வேறு ஏதாவது வாசியேன் என்றேன்.

"அது உன் பாட்டுன்னுதானம்மா கத்துக்கினேன்."

"என் பாட்டா?"

"சமைக்கறப்ப எப்பவும் அதத்தான பாடிக்கினு இருக்கற. உன்னைக் கேட்டு கேட்டுதான் வாசிச்சுப் பாத்தேன். மிச்சத்த கீபோர்டு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

நான் எங்கே பாடினேன்? பயந்து சாகிற மெட்டை எவளாவது அடுப்படியில் பாடுவாளா? தோசை கருகிவிட்டது.

பிப். 7, வெள்ளி

கேன்டீனில் ஷோபாவிடம் சொன்னேன். அவளும் என் லைன்தான், வீட்டில் பேசுவது கன்னடம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நம்ம மனேலூ அதே, எங்க வீட்லயும் அதேதான் அக்கா! நான் முணுமுணுத்தா எங்க வீட்டுக்காரரு, லைன் நின்னுபோச்சான்னு கேப்பாரு. நீங்களும்தான் பாடுறீங்க. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காந்தா போதும்."

அப்படியானால் உண்மைதான். பஸ் முழுக்கக் கேட்டிருக்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. அடுப்படி, ஜன்னல் சீட்டு, இரண்டும் நான் நிம்மதியாக இருக்கிற இடங்கள். அங்கே போய் ஏன் இதைப் பாடுகிறேன்? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் யாழினியிடம் கயிறு, பட்டன், ஓட்டம் எல்லாம் சொன்னேன். கத்தினது என் தப்பு என்றும் சொன்னேன்.

"வேற யாராவது அமுக்கக் கூடாதா?"

கூடாது என்றேன். நகத்தைக் கடித்துக்கொண்டே, விழாவில் அதையே வாசிக்கிறேன் என்றாள்.

"ஆனா நீ முன்னாடி உக்காராத. உன் மூஞ்சி மாறிடும். அதப் பாத்தா எனக்குக் கை வராது."

சுருக்கென்றது. சரி என்றேன்.

பிப். 8, சனி

அரை நாள் லீவு. பள்ளி மைதானத்தில் ஷாமியானா. நல்ல வெயில், காற்று வேறு. வரவேற்பு நடனம். பேச்சு. மறுபடி பேச்சு. யாழினி அப்பா படம் எடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் கடைசி வரிசை.

யாழினி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் வைத்துவிட்ட கனகாம்பரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. உட்கார்ந்தாள், ஆரம்பித்தாள். நான் எழுந்துவிட்டேன். நானாக எழவில்லை, கால் எழுந்துவிட்டது. கை பட்டனைத் தேடியது.

"கெளம்பிட்டீங்களா?" பக்கத்து நாற்காலி அம்மா கேட்டார். இல்லை என்று உட்கார்ந்தேன். பட்டனும் இல்லை, ஓட இடமும் இல்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் எப்போதும் அமுக்குகிற இடம் வந்தது, தாண்டியது. அதற்குப் பிறகும் பாட்டு இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை, நான்தான் கேட்கவிடுவதில்லையே. மெட்டு கீழே இறங்கி, மெதுவாகி, எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. அத்தனை அழகு. அழுதுவிட்டேன். பக்கத்து அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வண்டியில் வரும்போது எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த யாழினி என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மூஞ்சி மாறுச்சாம்மா?"

"மாறுச்சு."

"எந்த எடத்துல?"

"கம்பெனில நான் நிறுத்திருவனே, அதுக்கு அப்பறம்."