கோத்தன்பர்க்கில் எடுத்த கார்

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். நியூசிலாந்தில் குளிர் விட்டிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் இருமல் சளி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், உடம்புக்கு மட்டும்தான்.

ஸ்வீடனுக்குப் போய், கோத்தன்பர்க் தொழிற்சாலையிலேயே புதுக் காரை எடுத்து, அதிலேயே ஊர் சுற்றிவிட்டு, பிறகு கப்பலில் நம் ஊர் டுலூத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அப்பாவின் எத்தனை வருஷத்து ஆசை என்று உனக்குத் தெரியும். ஞாபகம் இனிமேல் தேயத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்ன பிறகு நீ வேண்டாம் என்றாய், நான்தான் ஆசை ஞாபகம் இருக்கும்போதே போய்விடலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். பக்கத்தில் ஆள் இருந்தால் ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். தொழிற்சாலையில் நமக்கான கரும்பச்சை நிறக் காரை நிறுத்தி வைத்திருந்தார்கள். சாவி கொடுத்த பெண் முதலில் கொஞ்சம் ஓட்டிப் பழகிக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, டுலூத் பனியில ஓட்டுறவன்ம்மா நானு, உங்க ரோட்டுக்குப் பயந்தா என் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முழுக்க என் பழைய வெர்னன் எனக்குத் திரும்பக் கிடைத்தார் மார்னி.

மறுநாள் தீவுக்குக் கார்களையும் ஏற்றிப்போகும் படகுக்காக வரிசையில் நின்றோம். நான் காப்பி வாங்கிவிட்டு வந்தால், அப்பா கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே நிற்கிறார், இன்ஜின் ஓடுகிறது, பின்னால் ஹாரன் சத்தம். என்னைப் பார்த்து மரியாதையாகக் கைகொடுத்து, நல்லா சுத்திக் காட்டுனீங்கம்மா, வண்டி பிரமாதம், ஆனா என் வீட்டுக்காரி அர்லீன் வரட்டும், அவ உட்கார்ந்து பாக்காம நான் எதையும் வாங்கினதில்ல என்றார். அர்லீன் வந்துவிட்டாள் என்றேன். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, எங்கம்மா, காணமே என்றார். சண்டைக்கு இறங்கி வந்த லாரிக்காரர் எங்களைப் பார்த்ததும் நம் காரை ஓரம் கட்டிக் கொடுத்தார். திரும்ப நானே ஓட்டினேன். வழியில், நல்லா ஓட்டுறீங்க என்று என்னைப் பாராட்டவும் செய்தார். சாயங்காலம் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஏன் திரும்பிட்டோம் என்று கேட்டார், மழை வரும்னு சொன்னாங்க என்றேன்.

காரைத் துறைமுகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அது ஊருக்கு வந்து சேரும்போது பனி தொடங்கியிருக்கும், அப்பா இனி ஓட்டமாட்டார். பத்திரிகையில் வரும் மருந்துச் செய்திகளை வெட்டி அனுப்பாதே கண்ணு, டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன், அவரும் பொய் சொல்லவில்லை. நீ முடிந்தால் கிறிஸ்துமஸுக்குக் காத்திராமல் முன்னாலேயே வா. இருட்டில் மலைப்பாதையில் ஓட்டாதே, குழந்தைக்குத் தொப்பி போடு.

இன்று காலை சாப்பிடும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்குத்தானே, அர்லீன், காரை எடுக்கப் போறோம் என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வேன்? இப்போது உள்ளே பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சவரம் செய்துகொண்டிருக்கிறார்.

கடவுள் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். போன் செய்யும்போது முதலில் உன் பெயரைச் சொல், அவரையே கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
அர்லீன்