திருப்பிக் கொடுத்த சத்தியம்

இன்றைக்குத் தக்காளி மண்டியில் கற்பூர வாசம் அடித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உன் நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது. எங்களோடு தக்காளி தரம் பிரிக்கிற செல்வியைத் தேடி அவள் அம்மா வந்து நின்றாள். முந்தானையில் கற்பூரம் முடிந்திருந்தது. மகள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது தெரிந்துவிட்டதாம். இனிமேல் செய்யமாட்டேன் என்று முனியப்பன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டுமாம். "சாட்சிக்கு நீங்களும் வாங்க" என்றாள். யாரைக் கூப்பிடுகிறாள் பார்.

நான் அப்படி இருந்தது உனக்கு மட்டும்தானே தெரியும். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வேலை செய்கிற ஊரில் கையை யார் பார்ப்பார்கள்? சோறு தின்னும்போது எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட, நான் மட்டும் பொத்தானைக் கழற்றாமல் குழம்பில் நனைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு தக்காளி பிரித்த நீ அதைப் பார்த்துவிட்டாய். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "நீயே பண்ணிக்கிறியாடி?" என்று நேராகக் கேட்டாய். ஒருத்தி கேட்டாளே என்பதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

அப்புறம் நீயும் ஊர் செய்கிறதைத்தான் செய்தாய். அன்று சாயங்காலமே என்னை முனியப்பன் முன்னால் நிறுத்திக் கற்பூரம் அணைக்க வைத்தாய். பாசத்தில் செய்ததுதான். ஆனால் மனசு தாங்காமல் மறுபடியும் பண்ணிவிட்டபோது, இருக்கிற வலியோடு சாமிக் குத்தமும் சேர்ந்துகொண்டது. உன் முகத்தில் முழிக்கப் பயந்து வேலைக்கு வராமல் கிடந்தேன்.

நீ வூடு தேடி வந்தாய். நான் வாயைத் திறக்குமுன்பே உனக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. கையைக் காட்டு என்றும் சொல்லவில்லை. அதே கோயிலுக்குக் கூட்டிப்போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பக்கத்து வூட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி முனியப்பனிடம் பேசினாய். "சாமி, இவகிட்டச் சத்தியம் வாங்குனது நான். இப்ப திருப்பிக் குடுத்துட்டேன். குத்தம்னா என்னைக் கேளு, இவள விட்டுரு." அந்த முறுக்கு மீசைக்கு முன்னால் அப்படி நின்ற பொம்பளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் பக்கம் திரும்பி, "பண்ணமாட்டேன்னு சொல்ல வேணாம். தோணுச்சுன்னா போன் போடு. பண்ணிட்டாலும் போடு" என்றாய். மறுநாள் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் தெரிந்தவள் ஒருத்தி, "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டருங்களா?" என்று இழுத்தாள். "மனசுக்குப் பாக்கறவருங்க. பல்லு வலிச்சா பல்லு டாக்டர்கிட்டப் போறதில்லீங்களா?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாய். எனக்கு மானம் போனது. இறங்கும்போது அது எப்படியோ திரும்பி வந்திருந்தது.

போன வருஷம் நாலு நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். அவளையே ஒட்டிக்கொண்டு கிடந்தவள், இனி என்ன ஆவாளோ என்று என் காதுபடவே பேசினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அழுதேன், டாக்டரம்மாவிடம் போனேன், மாத்திரை போட்டேன், வேலைக்கு வந்தேன். உன்னைக் கொண்டுபோன சாவுக்கு என்னையும் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அதனால்தான் செல்வி அம்மாவிடம் சொன்னேன். "நான் வரமாட்டேங்க. அந்தக் கற்பூரத்த வூட்டுச் சாமிக்கு ஏத்துங்க. புள்ளகிட்டச் சத்தியம் மட்டும் கேக்காதீங்க. முடியாமப் போனா உங்ககிட்ட வந்து சொல்ல அவளுக்கு வழி வேணுமில்லீங்களா?" சொல்லிவிட்டு என் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டேன். மண்டியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாளைக்கு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

செல்வி என் நம்பரைப் போட்டுக்கொண்டு, "அதுக்கப்புறமும் பண்ணிட்டன்னா, அக்கா?" என்று மெல்லக் கேட்டாள். "அப்பவும் போன் போடு" என்றேன்.

இதோ, போன் அடிக்கிறது. அவள்தான். உன் வேலைடி இது, நான் எடுக்கிறேன்.